கைப்பின் தீர்ப்பு: இந்தியா பேல் ஏலைச் சுவைத்து மதிப்பிட்ட வரலாறு

முன்னுரை

'சுவை' என்னும் சொல்லை நாவுக்கும் நூலுக்கும் பொதுவாக வழங்கியவர்கள் நாம். உணவில் அறுசுவை கண்ட மரபே கவிதையிலும் சுவை கண்டது. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்ததும், உரையாசிரியர்கள் அதனைச் சுவையோடு இயைத்து விளக்கியதும் இவ்வட்டத்தார் நன்கறிந்தவை. சுவைத்தல் என்பது எந்த இடத்தில் மதிப்பிடுதலாக மாறுகிறது? மதிப்பிடுவோர் கையிலுள்ள அளவுகோல் எங்கிருந்து வருகிறது? பத்தாண்டுகளாகக் கவிதைகளைப் படித்துப் படித்துக் கருத்துரைத்துவரும் நம் வட்டத்திற்கு இவை அந்நியமான வினாக்கள் அல்ல.

இவ்வினாக்களைக் கவிதைக்கு அப்பாற்பட்ட ஒரு களத்தில் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். அக்களம் ஒரு பானத்தின் வரலாறு. இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவின் பெயரைத் தாங்கி, அமெரிக்காவில் மறுபிறப்பெடுத்து, இன்று உலகெங்கும் சிறு பீர் ஆலைகளில் ஆக்கப்படும் 'இந்தியா பேல் ஏல்' என்னும் கைப்பு மிகுந்த பீரே அது. கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைக் கற்பிக்கும் ஒருத்தி இப்பொருளை எடுத்துக்கொண்டது சிலருக்கு வியப்பளிக்கலாம். இப்பானத்தை நான் அருந்தியதில்லை. அதன் தரம் குறித்து என்னிடம் தீர்ப்பு எதுவும் இல்லை. அதனைச் சுவைத்தோர் எழுதிவைத்த சொற்களும், அச்சொற்களின் பின்னின்ற அளவுகோல்களுமே என் ஆய்வுப்பொருள்.

தானியமும் மலரும்

தானியத்திலிருந்து மது ஆக்குவது நமக்குப் புதிதன்று. பெரும்பாணாற்றுப்படை, அரிசிக் கூழைத் துழாவி ஆற்றி, நல்லடை கலந்து, சாடியில் இரு பகலும் இரு இரவும் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் மதுவைப் படிப்படியாக விளக்குகிறது. பீரின் அடிப்படையும் இதுவே. பார்லியை முளைக்கவிட்டு உலர்த்தினால் 'மால்ட்' கிடைக்கும். அதனை வெந்நீரில் ஊறவைத்தால் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறும். அச்சாற்றைக் காய்ச்சி ஆறவைத்து, ஈஸ்டு சேர்த்து நொதிக்கவிட்டால் பீர் உருவாகும்.

ஐரோப்பியப் பீரைத் தனித்துக் காட்டுவது ஹாப் என்னும் கொடியின் பெண்மலர்க் கொத்து. அக்கொத்தின் மடல்களுக்கிடையே மஞ்சள் நிறப் பொடிபோல் பிசின் திரண்டிருக்கும். பிசினிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் கொதிக்கும்போது உருமாறிக் கைப்பைத் தருகின்றன. மணம் தரும் எண்ணெய்களோ கொதியில் ஆவியாகிவிடும். ஆகவே கைப்பு வேண்டுவோர் ஹாப்பை முதலிலும், மணம் வேண்டுவோர் இறுதியிலும், நொதித்து முடிந்த பின்னரும் இடுவர். ஹாப் பல நுண்ணுயிரிகளைத் தடுத்துப் பானத்தைக் கெடாமல் காக்கும் இயல்பும் உடையது. 12ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியத் துறவி ஹில்டெகார்ட் இப்பயனைக் குறித்துள்ளார். எனவே கைப்பு முதலில் சுவைக்காக மட்டும் விரும்பப்பட்டதன்று. நெடுநாள் நிற்றலுக்குத் தரவேண்டிய விலையாகவும் அது இருந்தது.

கடல் கடந்த பீப்பாய்கள்

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனிலிருந்து கல்கத்தா, சென்னை, பம்பாய் நோக்கிப் புறப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் பீர்ப் பீப்பாய்களும் இருந்தன. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை நீண்ட பயணம் அது. லண்டனின் கிழக்கே போ என்னுமிடத்தில் 1752 முதல் இயங்கிய ஹாட்ஜ்சன் ஆலை, கம்பெனிக் கப்பல்கள் நின்ற பிளாக்வால் துறைக்கு அருகில் இருந்தது. கப்பல் தலைவர்கள் தம் சொந்த வணிகத்திற்காகச் சரக்கு வாங்குவர்; ஹாட்ஜ்சன் அவர்களுக்கு நீண்ட தவணையில் கடன் கொடுத்தார். இந்தியச் சந்தையை அவர் பிடித்ததற்குத் துறையின் அண்மையும் இந்தத் தவணையுமே முதன்மைக் காரணங்கள்.

ஆனால் நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கதை வேறு. சாதாரணப் பீர் வழியிலேயே கெட்டது என்றும், அதனைத் தடுக்க ஹாட்ஜ்சன் மிகுந்த வீரியமும் மிகுந்த ஹாப்பும் கொண்ட புதுவகையைக் கண்டுபிடித்தார் என்றும் அது கூறும். மார்ட்டின் கார்னெல் முதலிய வரலாற்றாய்வாளர்கள் இதனை மறுத்துள்ளனர். 1780-களின் கல்கத்தா விளம்பரங்களிலேயே பேல் ஏலும் கருநிறப் போர்ட்டரும் ஒருங்கே காணப்படுகின்றன. போர்ட்டரும் நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. வெப்பநாடுகளுக்கு அனுப்பும் பீருக்குக் கூடுதல் ஹாப் வேண்டும் என்பது 1760-களிலேயே தொழில் நூல்கள் கூறிய பொது அறிவுரை. மேலும் அன்றைய பேல் ஏல் அக்கால அளவில் வீரியம் மிக்கதும் அன்று.

நிகழ்ந்தது வேறொன்று. இங்கிலாந்தின் நிலக்கிழார்கள் தம் நிலவறைகளில் ஓராண்டுக்கு மேல் முதிரவைத்த வெளிறிய பீரின் மரபிலிருந்து வந்த பானம், வெம்மையும் அலைவும் மிக்க கடற்பயணத்தில் சில மாதங்களிலேயே முதிர்ந்தது. 1904இல் கோபன்ஹேகனில் கிளாசென் என்னும் அறிவியலாளர், ஆங்கிலேயப் பீர் இவ்வாறு முதிர்வதற்குக் காரணம் ஒரு தனிவகை ஈஸ்டு என்று அறிவித்தார். பயணம் அறியாமல் செய்த உதவியே அதன் சுவையாயிற்று. ஆகவே அன்றைய நுகர்வோரின் அளவுகோல் 'முதிர்ச்சி'. தெளிவு, நுரை, மெருகேறிய கைப்பு ஆகியவற்றையே அவர்கள் தேடினர்.

அந்நுகர்வோர் பெரும்பாலும் கம்பெனி அலுவலரும் படை அதிகாரிகளும் ஆவர். சிப்பாய்களுக்குப் போர்ட்டரே வாய்த்தது. சென்னையில் அன்று துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நிற்க, அலைகளை ஊடறுத்து மசூலாப் படகுகளே சரக்கைக் கரை சேர்த்தன. இந்தியாவின் பெயரைப் பெற்ற பானத்திற்கு நடுவராக இருந்தவர்கள் இந்தியர் அல்லர். அதனைச் சுமந்தவர் கருத்து எந்த விளம்பரத்திலும் இடம்பெறவில்லை. மதிப்பீட்டின் வரலாற்றில் இவ்விடுபடலையும் ஒரு செய்தியாகவே கொள்ளவேண்டும்.

தேநீர்க் கெண்டிக் கதை

1820-களின் தொடக்கத்தில் ஹாட்ஜ்சன் ஆலையினர் விலையையும் வழங்கலையும் தம் விருப்பம்போல் ஆட்டிவைத்தனர். இதனால் சினமுற்ற கம்பெனி இயக்குநர் கேம்பெல் மார்ஜோரிபேங்க்ஸ், பர்ட்டன் நகரத்துச் சாமுவேல் ஆல்சாப்பை 1822இல் விருந்துக்கு அழைத்து, இந்தியச் சந்தைக்கு ஏற்ற பீர் ஆக்குமாறு தூண்டினார் என்பர். ஆல்சாப்போ ருஷ்யாவின் புதிய சுங்கவரியால் தம் வடபுலச் சந்தையை இழந்திருந்தார். மாதிரியாக வந்த ஹாட்ஜ்சன் பீரைச் சுவைத்த பர்ட்டன் தொழிலாளர் அதன் கைப்பைத் தாங்காமல் துப்பிவிட்டார் என்றும், பின்னர் ஜாப் குட்ஹெட் என்பவர் ஒரு தேநீர்க் கெண்டியில் அதற்கு நிகரானதைக் காய்ச்சிக் காட்டினார் என்றும் கதை தொடரும்.

கெண்டிக் கதையில் எவ்வளவு உண்மை என்பது ஒருபுறமிருக்க, அது குறிக்கும் மனநிலை நோக்கத்தக்கது. இனிப்பும் கருமையும் கொண்ட பீருக்குப் பழகிய நாவின் முதல் தீர்ப்பு துப்புதலாக இருந்தது. அதே ஊர் சில ஆண்டுகளில் அக்கைப்பின் தலைநகராயிற்று. பர்ட்டனின் நிலத்தடி நீர் ஜிப்சப் படுகைகளினூடே வருவதால் கால்சியம் சல்பேட் நிறைந்தது. அந்நீரில் ஹாப்பின் கைப்பு கூர்மையாகவும் பீரின் நிறம் தெளிவாகவும் அமைந்தன. ஆல்சாப், பாஸ் ஆகிய ஆலைகள் ஹாட்ஜ்சனை விஞ்சின. 'கிழக்கிந்தியா பேல் ஏல்' என்னும் பெயரும் வழக்குக்கு வந்தது. 1829இல் ஆஸ்திரேலிய நாளிதழ் விளம்பரமொன்றில் அப்பெயர் காணப்படுகிறது.

எட்டி வழக்கு

இப்பானத்தின் வரலாற்றில் மிகக் கடுமையான மதிப்பீடு 1852இல் நிகழ்ந்தது. ஆங்கிலேயர் தம் பீருக்குக் கைப்பேற்ற ஸ்ட்ரிக்னைன் என்னும் நஞ்சைச் சேர்க்கின்றனர் என்று பிரான்சில் எழுந்த பேச்சு இங்கிலாந்து நாளிதழ்களில் பரவியது. பேயன் என்னும் பேராசிரியரின் பெயர் அதனோடு இணைக்கப்பட்டது. ஸ்ட்ரிக்னைன் எதிலிருந்து எடுக்கப்படுவது? நம் காடுகளில் வளரும் எட்டி மரத்தின் கொட்டையிலிருந்து! தமிழில் கைப்புக்கு உவமையாகவே நின்றுவிட்ட எட்டி, இந்தியாவின் பெயர் பூண்ட பீரின் மீது ஐயத்தின் நிழலாக விழுந்தது.

பர்ட்டன் ஆலைகள் அஞ்சின. தாமஸ் கிரகாம், ஆகஸ்ட் ஹாஃப்மன் என்னும் புகழ்பெற்ற இரு வேதியியலாளரிடம் ஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அவர்கள் பீரிலுள்ள நஞ்சை விலங்குக் கரியில் படியவைத்துப் பிரித்தறியும் முறையை வகுத்தனர். மிகச் சிறிதளவு நஞ்சு கலந்திருப்பினும் அம்முறை காட்டிக்கொடுக்கும். பர்ட்டன் பீரில் அது இல்லை என்பது உறுதியாயிற்று. உலகெங்கும் ஓராண்டில் உருவாகும் ஸ்ட்ரிக்னைன் முழுவதும் சேர்ந்தாலும், அவ்வளவு பீருக்கு அவ்வளவு கைப்பை ஏற்றப் போதாது என்னும் எளிய கணக்கையும் அவர்கள் முன்வைத்தனர். ஜெர்மானிய வேதியியல் மேதை லீபிக்கும் பீரைப் போற்றிக் கடிதம் எழுதினார். ஆல்சாப் நிறுவனத்தார் அதனை நாளிதழ்களில் விளம்பரமாக வெளியிட்டனர்.

இங்கே இரண்டு செய்திகள் உள. ஒன்று, நாவின் முதல் அச்சம் சான்றாகாது, கைப்பதெல்லாம் நஞ்சன்று. மற்றொன்று, ஆய்வாளரின் அறிக்கையும் வணிகரின் விளம்பரமும் ஒரே சொற்களில் அமைந்தாலும் ஒன்றாகிவிடா. கிரகாமும் ஹாஃப்மனும் தம் முறையைச் சொல்லினர். அதனைப் பிறர் மீண்டும் செய்து பார்க்கலாம். லீபிக்கின் புகழுரையை நம்பத்தான் முடியும். அணிந்துரைக்கும் திறனாய்வுக்கும் உள்ள வேறுபாடும் இதுவே அன்றோ?

பெயர் எஞ்சிய காலமும் மறுபிறப்பும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இச்சுவை மெல்லத் தேய்ந்தது. ஐஸில் குளிர்ந்த லாகர் வகை உலகை ஆட்கொண்டது. முதல் உலகப் போர்க்கால வரியும் மூலப்பொருள் கட்டுப்பாடும் ஆங்கிலேயப் பீரை மெலியச்செய்தன. 20ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'ஐ.பி.ஏ.' என்னும் எழுத்துகளைத் தாங்கிய சில பீர்கள் 4 விழுக்காட்டுக்கும் குறைந்த ஆல்கஹாலோடு நின்றன. பெயர் இருந்தது, பெயர் குறித்த பொருள் கரைந்துவிட்டிருந்தது.

மறுபிறப்பு அமெரிக்காவில் நிகழ்ந்தது. 1920 முதல் 1933 வரை நீடித்த மதுவிலக்கும் பின்வந்த பெருநிறுவன ஆதிக்கமும் அந்நாட்டுப் பீர் ஆலைகளை 1970-களின் இறுதியில் நூற்றுக்கும் குறைவாக்கியிருந்தன. சான் பிரான்சிஸ்கோவின் நலிந்த ஆங்கர் ஆலையை 1965இல் ஃபிரிட்ஸ் மேடாக் வாங்கினார். 1975இல் அவர் வெளியிட்ட 'லிபர்ட்டி ஏல்', 1972இல் ஆரிகன் மாநில ஆய்விலிருந்து வெளிவந்த 'காஸ்கேட்' ஹாப்பின் நாரத்தை போன்ற மணத்தை முன்னிறுத்தியது. 1980இல் கலிபோர்னியாவின் சீக்கோ நகரில் தொடங்கிய சியரா நெவாடா அதே மணத்தைப் பரவலாக்கியது. ஐரோப்பிய ஹாப்புகளோடு ஒப்பிடப் பண்படாதது எனத் தள்ளக்கூடிய அந்த மணம், ஒரு தலைமுறைக்குள் ஒரு நாட்டின் அடையாளமாயிற்று. ஆங்கர் ஆலை 2023இல் தன் பணியை நிறுத்தியபோது, அது தூண்டிய இயக்கம் உலகெங்கும் வேரூன்றியிருந்தது.

1994இல் கலிபோர்னியாவின் டெமெக்குலாவில் வின்னி சிலூர்சோ ஹாப்பையும் மால்ட்டையும் பெருக்கி 'இரட்டை ஐ.பி.ஏ.' ஒன்றைக் காய்ச்சினார். பின்னர் ரஷ்யன் ரிவர் ஆலையில் அவர் ஆக்கிய 8 விழுக்காட்டு ஆல்கஹால் கொண்ட பீருக்கு 'மூத்த பிளினி' என்று பெயர். முசிறியையும், மிளகுக்காக ரோமானியச் செல்வம் இந்தியாவுக்கு வழிவதையும் எழுதிய அதே பிளினிதான்! கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலைச் சீற்றத்தில் இறந்த அவர், தம் 'இயற்கை வரலாறு' நூலில் குறிப்பிடும் ஒரு கொடியை ஹாப் எனக் கொள்வோர் உண்டு, ஐயுறுவோரும் உண்டு. நம் சங்ககால வரலாற்று வகுப்புகளில் தவறாது வரும் பெயர் ஒன்று கலிபோர்னியப் புட்டியின் மேல் அமர்ந்திருப்பது காலத்தின் விளையாட்டு எனலாம்.

ஐம்பது மதிப்பெண்

இயக்கம் வளர வளர நடுவர் முறையும் வளர்ந்தது. 1982இல் கொலராடோவில் அமெரிக்கப் பீர்ப் பெருவிழா தொடங்கியது. 1985இல் பீர் நடுவர்க்குப் பயிற்சியும் சான்றும் அளிக்கும் அமைப்பு உருவாயிற்று. அவ்வமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்திற்கு 12, தோற்றத்திற்கு 3, சுவைக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்த உணர்வுக்கு 10. கண்ணுக்கு மூன்றே மதிப்பெண் என்பதும், முழுமைக்கெனப் பத்து ஒதுக்கப்பட்டதும் கருதத்தக்கவை.

நடுவர் முன் வைக்கப்படும் குவளையில் பெயர் இராது. எண் மட்டுமே இருக்கும். மெல்லியன முதலிலும் கைப்பு மிக்கவை இறுதியிலும் வரும். வீரியமிக்க பீரை மிகக் குளிர்ந்த நிலையில் கொடார்; குளிர் மணத்தை அடக்கிவிடும். முதலில் முகர்வர். நாரத்தைத் தோல், பைன் பிசின், மாம்பழம், மலர் என மணத்தைப் பெயரிட்டு எழுதுவர். பிறகு நிறமும் நுரையும் நோக்குவர். அதன்பின் ஒரு வாய் அருந்தி, விழுங்கியபின் எஞ்சும் கைப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது, இனிதாய் அடங்குகிறதா, கரகரக்கிறதா எனக் காண்பர். மால்ட்டின் இனிமை அதனைத் தாங்குகிறதா, ஆல்கஹால் எரிகிறதா என்பவை அடுத்த வினாக்கள். குற்றங்களுக்கும் பெயர் உண்டு. வெண்ணெய் வாடை, பச்சை ஆப்பிள் வாடை, நனைந்த அட்டை வாடை என ஒவ்வொன்றும் ஆக்கத்தில் நேர்ந்த ஒரு பிழையையோ பழமையையோ சுட்டும். இச்சொற்களை ஒழுங்குபடுத்தி 1970-களில் மெயில்கார்ட் என்னும் அறிஞர் தலைமையில் ஒரு 'சுவைச் சக்கரம்' வகுக்கப்பட்டது.

கைப்புக்கு எண்ணளவும் உண்டு. ஒரு லிட்டரில் ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் உருமாறிய ஆல்ஃபா அமிலம் ஓர் அலகு. மெல்லிய லாகரில் பத்து அலகு அளவில் இருக்கும்; இரட்டை ஐ.பி.ஏ.க்கு 60 முதல் 100 வரை என நடுவர் வழிகாட்டி கூறுகிறது. ஆயினும் எண் உயர்ந்தால் தரம் உயராது. இனிமை மிக்க பீரில் 60 அலகு மென்மையாகவும், வறண்ட பீரில் 40 அலகு கடுமையாகவும் தோன்றலாம். ஒரு காலத்தில் சில ஆலைகள் எண்ணைப் பெருக்கிப் போட்டியிட்டன. அணிகளை எண்ணிக் கவிதையை மதிப்பிட்ட காலத்தை அது நினைவூட்டும்.

கைப்பும் துவர்ப்பும்

இங்குத் தமிழ் மரபு ஒரு சொல் சொல்லவேண்டும். ஹாப்பை மிகுதியாக ஊறவைத்தால் கைப்போடு வேறொன்றும் சேரும். நா சுருங்கி, வாய் வறண்டதுபோலாகும். நடுவர் தாளில் அது சுவையின்கீழ் வராது, வாயுணர்வின்கீழ் வரும். பயிற்சி பெறாத ஆங்கிலேயர் பலர் அதனையும் கைப்பு என்றே எழுதிவிடுவதால் நடுவர்க்குத் தனிப் பயிற்சி தேவைப்படுகிறது. நாமோ அதனைத் துவர்ப்பு என வேறு பிரித்து, அறுசுவையுள் ஒன்றாகவே வைத்தோம். பாகற்காயின் கைப்பையும் வாழைப்பூவின் துவர்ப்பையும் நம் வீட்டுக் குழந்தையும் மயங்காது. வேப்பம்பூவைப் புத்தாண்டுப் பச்சடியில் இடும் மரபினர்க்குக் கைப்பு விலக்கத்தக்க சுவையும் அன்று. சொல் இருக்குமிடத்தில் வேற்றுமை புலப்படுகிறது. சொல் இல்லாவிடத்து நாவும் குழம்புகிறது.

முடிவுரை

இவ்வரலாற்றில் வியப்பான திருப்பம் ஒன்று உண்டு. அன்று மாதக்கணக்கில் கடலில் முதிர்ந்து வந்ததே சிறந்த பேல் ஏல். இன்றோ ஹாப்பின் மணம் விரைவில் மங்கும் என்பதால், ஆக்கிய சில வாரங்களுக்குள் அருந்துக எனப் புட்டியில் நாள் பொறிக்கின்றனர். அன்றைய சிறப்பு இன்று குற்றம். பெயர் ஒன்றே, அளவுகோல் தலைகீழ். பெங்களூரிலும் புணேயிலும் உள்ள சிறு ஆலைகளில் 'இந்தியா' என்னும் பெயர் இன்று அமெரிக்கப் பாணியாகத் திரும்பி வந்திருக்கிறது.

அளவுகோல்கள் மாறுவன என்றால் மதிப்பீடே பொய்யா? அன்று என்பதே இவ்வரலாறு தரும் விடை. மாறாத சில ஒழுங்குகள் இதில் தெரிகின்றன. நாவின் முதல் வெறுப்பைத் தீர்ப்பாகக் கொள்ளாமை. இனிய கதையைச் சான்றெனக் கொள்ளாமை. ஆக்கியோன் பெயரை மறைத்துவிட்டுச் சுவைத்தல். 'நன்று', 'தீது' என்பதற்கு முன் 'இன்னது' என விளக்குதல். எந்த அளவுகோலால் அளந்தோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லுதல். இவை பீருக்கு மட்டும் உரியன அல்ல. மதிப்பெண் இட்ட நடுவர் தம் குறிப்பை ஆக்கியவருக்கே அனுப்புகிறார். எனவே அவர் எழுதும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த ஆக்கத்தைத் திருத்தவேண்டிய பொறுப்புடையது.

பத்தாண்டுகளாக நம் வட்டத்தில் எத்தனையோ கவிதைகள் படிக்கப்பட்டுள்ளன. சிலவற்றைப் பெயருக்காகப் போற்றியிருப்போம். சிலவற்றின் கைப்பை நஞ்செனக் கருதி ஒதுக்கியிருப்போம். அவ்வாறு ஒதுக்கியவற்றுள் ஒன்றையேனும் பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில் எழுதியவர் பெயர் சொல்லாமல் மீண்டும் படித்துப் பார்ப்போமா? எட்டி எது, வேப்பம்பூ எது என்பது அப்போது தெரியவரும்.